மச்சி, இந்தத் தண்ணியைக் குடிக்கலாமா?

செமஸ்டர் முடிஞ்சா போதும். அடையாறுலேர்ந்து நாலு பேர், மயிலாப்பூர்லேர்ந்து மூணு பேர், தி.நகர் ஹாஸ்டல்லேர்ந்து ரெண்டு பேர்னு ஒரு கும்பல் சேர்ந்து 'ட்ரெக்கிங் போறோம்'னு கிளம்பிடும். ஷூ யார்கிட்ட இருக்கு, டென்ட் யார் எடுத்துட்டு வர்றது, பவர் பேங்க் எத்தனை, ஸ்பீக்கர் வேணுமா வேண்டாமான்னு விடிய விடிய மெஸேஜ் பறக்கும். தண்ணியைப் பத்தி மட்டும் கடைசியா ஒரே ஒரு வரி: 'அங்கே ஓடை இருக்கு மச்சி, பாத்துக்கலாம்!' (தண்ணின்னதும் சிரிக்காதீங்க. நான் சொல்றது நிஜத் தண்ணி!)

ஓடை இருக்கும்தான். கண்ணாடி மாதிரி தெளிவாவும் இருக்கும், ஃப்ரிட்ஜ்லேர்ந்து எடுத்த மாதிரி ஜில்லுன்னும் இருக்கும். ரெண்டு கையால அள்ளிக் குடிச்சு, போட்டோவும் எடுத்துக்கிட்டு இறங்கி வந்துடுவீங்க. திங்கட்கிழமை காலேஜுக்கும் போவீங்க. ஒண்ணும் ஆகாது. 'பார்த்தியா, நான் சொல்லல?'ன்னு காலரைத் தூக்கி விட்டுக்குவீங்க. அங்கேதான் விஷயமே இருக்கு. சாதாரண வயித்துக் கடுப்புன்னா ரெண்டு மூணு நாள்ல தெரிஞ்சிடும். டைபாய்டு வெளியே வர பெரும்பாலும் ஒண்ணு, ரெண்டு வாரம் ஆகும். மஞ்சள் காமாலை வகைகள்ல 'ஹெபடைடிஸ் ஏ' சராசரியா நாலு வாரம் எடுத்துக்கும், 'ஹெபடைடிஸ் இ' அதைவிடவும் லேட்டா வரலாம். அதுக்குள்ள நீங்க ட்ரெக்கிங் போனதையே மறந்திருப்பீங்க. சரியா இன்டர்னல் எக்ஸாம் நேரத்துல கண்ணு மஞ்சளாகும். பழி பூரா பாவம், காலேஜ் வாசல் பஜ்ஜிக் கடைக்காரர் தலையில விழும்!

'அப்போ வீட்டுலேர்ந்தே தண்ணி கொண்டுபோயிடலாமே?' கொண்டுபோகலாம். ஒரு லிட்டர் தண்ணி ஒரு கிலோ. வெயில்ல மலை ஏறுறவருக்கு ஒரு நாளைக்கு மூணு, நாலு லிட்டர் வேணும். ரெண்டு நாள் ட்ரிப்னா கணக்கு நீங்களே போட்டுக்கங்க. அவ்வளவையும் முதுகுல தூக்கிக்கிட்டு ஏறினா, அது ட்ரெக்கிங் இல்லை, மூட்டை தூக்குற வேலை. சரி, மலையிலேயே பாட்டில் வாங்கலாம்னா, நீலகிரியிலும் கொடைக்கானலிலும் 5 லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் தண்ணி பாட்டிலுக்குத் தடை. சரி, காய்ச்சிக் குடிக்கலாம்னா, காட்டுக்குள்ள தீ மூட்டுறதை நினைச்சுக்கூடப் பார்க்காதீங்க. 2018 மார்ச் 11-ம் தேதி தேனி மாவட்டம் குரங்கணியில் ட்ரெக்கிங் போனவங்க காட்டுத்தீயில சிக்கி, 23 பேர் உயிரிழந்தாங்க. அதுல சென்னையிலேர்ந்து போனவங்களும் உண்டு. அதுக்கப்புறம்தான் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்குன்னு தனி விதிகள் வந்தது. 2024 அக்டோபரில் தமிழக அரசு 'ட்ரெக் தமிழ்நாடு'ன்னு 40 பாதைகளை ஆன்லைன் புக்கிங்கோட, கூட வர ஒரு வழிகாட்டியோட திறந்து விட்டிருக்கு.

ஆக, மிச்சம் இருக்கிறது உள்ளங்கை சைஸ் ஃபில்டர்தான். அதை வாங்கிட்டா மட்டும் போதுமா? போதாதுன்னு சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

பாட்டி வீட்டு மெழுகுவர்த்தி

மயிலாப்பூர் பக்கம் பழைய வீடுகள்ல, சமையலறை மேடையில எவர்சில்வர் ஃபில்டர் ஒண்ணு நின்னுக்கிட்டிருக்கும். மேல் அடுக்குக்குள்ள வெள்ளையா ரெண்டு 'கேண்டில்'. வாரத்துக்கு ஒரு தடவை பாட்டி அதைக் கழற்றி, பிரஷ்ஷால தேய்ச்சுக் கழுவி வைப்பாங்க. நீங்க இன்னிக்கு ஆன்லைன்ல ஆர்டர் பண்ற ட்ரெக்கிங் ஃபில்டருக்கு அந்தக் கேண்டில்தான் தாத்தா முறை. ரெண்டும் செய்றது ஒரே வேலைதான்: ரொம்பச் சின்ன ஓட்டைகள் வழியா தண்ணியை விட்டு, கிருமியை வெளியே நிறுத்துறது.

இதுக்கு ஒரு சுவாரஸ்யமான பிளாஷ்பேக் உண்டு. 1884-ல், பிரான்ஸில் லூயி பாஸ்டரோட வேலை பார்த்த சார்லஸ் சாம்பர்லாண்ட், பீங்கான்ல ஒரு ஃபில்டர் செஞ்சார். பாக்டீரியா எதுவும் அதைத் தாண்ட முடியலை. உலகமே கைதட்டுச்சு. எட்டு வருஷம் கழிச்சு, 1892-ல், ரஷ்யாவின் டிமிட்ரி இவானோவ்ஸ்கி, நோய் வந்த புகையிலைச் செடியோட சாறை அந்த ஃபில்டர்ல வடிகட்டினார். வடிஞ்ச சாறு நல்ல செடிக்கும் நோயைக் கொடுத்துச்சு! பாக்டீரியாவைவிடச் சின்னதா ஏதோ ஒண்ணு ஓட்டை வழியா நழுவிப் போயிருக்கு. அந்த 'ஏதோ ஒண்ணு'க்குத்தான் பின்னாடி வைரஸ்னு பேர் நிலைச்சது. அதாவது, ஃபில்டரை ஏமாத்தினதாலதான் வைரஸ்னு ஒண்ணு இருக்கிறதே மனுஷனுக்குத் தெரிஞ்சது. ஃபில்டர் வாங்கக் கிளம்புறவங்க முதல்ல மண்டையில ஏத்திக்க வேண்டியது இந்தக் கதையைத்தான்.

இப்போ கொஞ்சம் கணக்கு. பயப்படாதீங்க, மேத்ஸ் பேப்பர் அளவுக்கு இல்லை. ஒரு மில்லிமீட்டரை ஆயிரமா வெட்டினா ஒரு துண்டு ஒரு மைக்ரான். ஜியார்டியான்னு ஒரு ஒட்டுண்ணி (மாசக்கணக்குல வயித்தைப் படுத்தி எடுக்கும்) 8-லேர்ந்து 12 மைக்ரான். அதோட தம்பி கிரிப்டோஸ்போரிடியம் 4-லேர்ந்து 6. ஈ-கோலை, டைபாய்டு மாதிரி பாக்டீரியாக்கள் அரை மைக்ரான் அகலம், ரெண்டு மைக்ரான் நீளம்னு இருக்கும். கடையில கிடைக்கிற ஹாலோ ஃபைபர் ஃபில்டர்ல ஓட்டை 0.1 அல்லது 0.2 மைக்ரான். அதனால மேல சொன்ன அத்தனை பேரும் வாசல்லயே அவுட்! ஆனா ஹெபடைடிஸ் ஏ வைரஸோட சைஸ் வெறும் 0.03 மைக்ரான் சொச்சம். ஆடு புகாத வேலியில எறும்பு புகுந்த மாதிரி, ஜம்முன்னு உள்ளே வந்துடும்.

அமெரிக்காக்காரன் சொன்னா சரியா?

யூடியூப்ல ஃபில்டர் ரிவ்யூ பார்த்தீங்கன்னா, வெளிநாட்டு அண்ணாச்சிகள் 'வைரஸைப் பத்திக் கவலை வேண்டாம்'னு அடிச்சுச் சொல்வாங்க. அவங்க ஊருக்கு அது பெரும்பாலும் சரி. மனுஷக் குடலைத் தாக்குற வைரஸ் மனுஷக் கழிவிலேர்ந்துதான் முக்கியமா வரும். அவங்க நடக்கிற மலையில பல மைலுக்கு ஆள் நடமாட்டமே இருக்காது. நம்ம ஊர்ல? ஓடைக்கு மேலே ஒரு தோட்டம், தோட்டத்துக்கு மேலே ஒரு ஊர், ஊருக்கு மேலே ஒரு கோயில். கோவை வெள்ளியங்கிரியை எடுத்துக்கங்க. பிப்ரவரியிலேர்ந்து மே வரைக்கும் ஏழு மலையையும் ஆயிரக்கணக்கான பக்தர்கள் ஏறி இறங்குறாங்க. வழியில கைதட்டி சுனை, பாம்பாட்டி சுனைன்னு தண்ணி இடங்கள் உண்டு. தண்ணி என்னமோ மலையிலேர்ந்துதான் வருது. ஆனா அதே பாதையில அத்தனை பேர் ராத்திரி பகலா நடக்கிறாங்கன்னா, மழை பெய்ஞ்சதும் எது எதோட கலக்கும்னு யோசிச்சுக்கங்க. திருவண்ணாமலை மாவட்டத்துப் பர்வதமலைக்கும், சென்னைப் பசங்க விரும்பிப் போற நாகலாபுரம், தடா ஓடைகளுக்கும் இதே கேள்விதான். இந்தத் தண்ணி இங்கே வர்றதுக்கு முன்னாடி யார் யாரைப் பார்த்துட்டு வருது?

வைரஸ் சும்மா பூச்சாண்டி இல்லைன்னு புரிய, டெல்லிக்கு ஒரு எட்டு போயிட்டு வரணும். 1955 நவம்பரில் யமுனையில சாக்கடைத் தண்ணி, குடிநீருக்குத் தண்ணி எடுக்கிற இடத்துக்கே ஏறி வந்துடுச்சு. சுத்திகரிப்பு நிலையத்துல இருந்தவங்க சும்மா இருக்கலை, படிகாரமும் குளோரினும் கூடுதலாப் போட்டாங்க. பாக்டீரியா அடங்குச்சு, டைபாய்டு பெருசாக் கிளம்பலை. ஆனா அடுத்த சில வாரங்கள்ல சுமார் 29,000 பேருக்கு மஞ்சள் காமாலை! காரணம் ஹெபடைடிஸ் இ வைரஸ்னு ரொம்ப வருஷம் கழிச்சுத்தான் தெரிஞ்சது. (அந்த வைரஸை முதல்ல மைக்ராஸ்கோப்ல பார்த்தது எப்படித் தெரியுமா? மிகைல் பலயான்னு ஒரு சோவியத் விஞ்ஞானி, நோயாளிகளோட மலத்தை வடிகட்டி தானே குடிச்சு, நோயை வரவழைச்சுக்கிட்டார். 1983-ல் ஆய்வு வெளியாச்சு. பிராக்டிகல் ரெக்கார்ட் எழுதவே அழுற நாமெல்லாம் என்ன சொல்றது!)

'அங்கே குளோரினும் தோத்துப் போச்சே?'ன்னு கேட்பீங்க. நல்ல கேள்வி. குளோரின் வைரஸைக் கொல்லும். ஆனா தண்ணியில சேறும் அழுக்கும் இருந்தா, குளோரின் அதுங்களோட சண்டை போட்டே தீர்ந்துபோயிடும். வைரஸ் அந்த அழுக்குக்குப் பின்னாடி ஒளிஞ்சு தப்பிச்சுக்கும். இன்னொரு பக்கம், கிரிப்டோஸ்போரிடியத்துக்குக் குளோரின்னா கொசுக்கடி மாதிரி, கண்டுக்கவே கண்டுக்காது. அதை நிறுத்த ஃபில்டர்தான் வேணும். அதனால ரெண்டும் ஜோடி. முதல்ல ஃபில்டர், அப்புறம் மாத்திரை. ஃபில்டர் அழுக்கையும் ஒட்டுண்ணியையும் பாக்டீரியாவையும் எடுத்துடும். தெளிஞ்ச தண்ணியில குளோரின் மாத்திரை வைரஸைப் பார்த்துக்கும். வரிசையை மாத்தாதீங்க. மாத்திரை எத்தனை லிட்டருக்குங்கிறது பிராண்டுக்கு பிராண்டு மாறும். ஒரு லிட்டருக்கு ஒண்ணுன்னு வர்றதும் உண்டு, 20 லிட்டர் குடத்துக்கு ஒண்ணுன்னு வர்றதும் உண்டு. அட்டையைப் படிச்சுட்டுப் போடுங்க. போட்டு அரை மணி நேரம் பொறுக்கணும். தண்ணி ரொம்ப ஜில்லுன்னு இருந்தா இன்னும் கொஞ்சம் கூட. மெடிக்கல் ஷாப்ல வாங்கும்போது காலாவதி தேதியைப் பார்க்க மறக்காதீங்க.

எதை வாங்கலாம்?

ஸ்ட்ரா மாதிரி உறிஞ்சுறது ஒரு வகை. 'லைஃப்ஸ்ட்ரா' இதுல பிரபலம். இதுக்கு ஒரு நெகிழ்ச்சியான பின்னணி இருக்கு. நரம்புச் சிலந்தின்னு ஒரு புழு நோய், குளத்துத் தண்ணி குடிச்சா காலைப் பொத்துக்கிட்டு முழ நீளப் புழு வெளியே வரும். நம்ம நாட்டிலேயும் இருந்தது. கடைசி நோயாளி 1996-ல், ராஜஸ்தானில். 2000-ல் உலக சுகாதார நிறுவனம் 'இந்தியாவில் இந்த நோய் இல்லை'ன்னு சான்றிதழ் கொடுத்துச்சு. ஆப்பிரிக்காவில் அந்தப் புழுவைச் சுமக்கிற பூச்சியை நிறுத்த, கழுத்துல தொங்கவிட்டுக்கிற குழாய் ஃபில்டரை ஏழைகளுக்குக் கொடுத்தாங்க. அதோட வாரிசுதான் இன்னிக்கு நீங்க பாக்குற ஸ்ட்ரா. ஐடியா உசத்தி, ஆனா மலையேறுறவங்களுக்கு வசதி கம்மி. ஓடையில குப்புறப் படுத்துத்தான் உறிஞ்சணும். பாட்டில்ல நிரப்பிக்கிட்டு நடக்க முடியாது. மாத்திரை போடவும் வழியில்லை. அவசரத்துக்கு வெச்சுக்கலாம், அவ்வளவுதான்.

என் ஓட்டு, பையில தண்ணி மொண்டு பிழியிற 'ஸ்க்வீஸ்' வகைக்கு. சாயர், கேடடின் மாதிரி பிராண்டுகள்ல கிடைக்குது. எடை ரொம்பக் கம்மி, சுத்தம் பண்றது ஈஸி, பிழிஞ்ச தண்ணியை பாட்டில்ல பிடிச்சு மாத்திரையும் போட்டுக்கலாம். ஒரே ஒரு உஷார்: மறை. கோலா பாட்டில் கழுத்துல கச்சிதமா உட்கார்ற ஃபில்டர், நம்ம மினரல் வாட்டர் பாட்டில்ல உட்காராமப் போகலாம். கிளம்புறதுக்கு முந்தின நாள் பாட்டிலை மாட்டி, தலைகீழா பிழிஞ்சு பாருங்க. மலை உச்சியில மறை ஒத்துக்கலைன்னா, அங்கே ரங்கநாதன் தெரு கிடையாது!

ஆறேழு பேர் கும்பலா போனா, ஆளுக்கு ஒண்ணு வாங்கறதைவிட மரக்கிளையில தொங்கவிடுற கிராவிட்டி பை ஒண்ணு போதும். நீங்க கதை பேசி முடிக்கிறதுக்குள்ள தண்ணி தானா இறங்கியிருக்கும். காசையும் பங்கு போட்டுக்கலாம். பம்ப் வகை உறுதி, ஆனா கனம். யூவி பேனா வைரஸையும் முடக்கும். ஆனா கலங்கின தண்ணியில வெளிச்சம் போகாது, பேட்டரி தீர்ந்தா வெறும் குச்சி.

கடைக்காரர் 'பியூரிஃபையர்'னு சொன்னா அப்படியே நம்பிடாதீங்க. அமெரிக்கக் கணக்குப்படி அந்தப் பேரை வாங்கணும்னா 99.9999 சதவிகிதம் பாக்டீரியா, 99.99 சதவிகிதம் வைரஸ், 99.9 சதவிகிதம் ஒட்டுண்ணி போயிருக்கணும். நம்ம ஊர்ல குழாய்த் தண்ணி வாசனையைப் போக்க உள்ளே கரித்துண்டு வெச்ச பாட்டிலுக்குக்கூட அதே பேரை ஒட்டி வித்துடுறாங்க. கரி ருசியை மாத்தும், கிருமியை நிறுத்தாது. அட்டையில எத்தனை மைக்ரான்னு எழுதியிருக்கான்னு பாருங்க. எழுதலையா? ராம் ராம் சொல்லிட்டுக் கிளம்பிடுங்க.

பழைய புடவை, தேற்றாங்கொட்டை

மழைக்கால ஓடை டீ கலர்ல வரும். அதை நேரா ஃபில்டர்ல விட்டா பத்தே நிமிஷத்துல அடைச்சுக்கும். இதுக்குக் காசு கொடுத்து எதையும் வாங்க வேண்டாம். வீட்டுல பழைய பருத்திப் புடவை இருக்கில்ல? பங்களாதேஷ் கிராமங்கள்ல, பழைய புடவையை எட்டு மடிப்பா மடிச்சு குடத்து வாயில கட்டி தண்ணி பிடிச்சவங்க வீடுகள்ல காலரா ஏறக்குறைய பாதியாக் குறைஞ்சதுன்னு 2003-ல் ரீட்டா கோல்வெல் குழு எழுதின ஆய்வு ரொம்பப் பிரபலம். துவைக்கத் துவைக்க நூல் பஞ்சு பஞ்சா விரிஞ்சு, இடைவெளி சின்னதாயிடுது. அதனாலதான் புதுசைவிடப் பழசு பெஸ்ட். காலராக் கிருமி ஒட்டிக்கிட்டு வர்ற நுண்ணுயிர்கள் அந்தத் துணியிலேயே மாட்டிக்கும். ஒரு முழம் கிழிச்சு பேக்ல போட்டுக்கங்க. (அம்மாகிட்ட கேட்டுட்டுக் கிழிங்க. பட்டுல கை வெச்சுடாதீங்க!)

தேற்றாங்கொட்டை இன்னொண்ணு. கலங்கின தண்ணியைத் தெளிய வைக்க பானையோட உள்பக்கத்துல அதைத் தேய்ப்பாங்க. கலித்தொகையிலேயே உவமையா வர்ற அளவுக்குப் பழைய டெக்னாலஜி. நாட்டு மருந்துக் கடையில கிடைக்கும். கேம்ப்ல நேரம் இருந்தா, ராத்திரி தேய்ச்சு வெச்சுட்டு, காலையில மேலாப்புல தெளிஞ்சதை மட்டும் எடுத்து ஃபில்டர்ல விடுங்க. தெளிஞ்ச தண்ணி சுத்தமான தண்ணி இல்லைங்கிறது ஞாபகம் இருக்கட்டும். ஃபில்டரோட வேலையைக் குறைக்கிறதுதான் இதோட வேலை.

345 வருஷ கியாரண்டி!

'சாயர் மினி' பெட்டியில ஒரு லட்சம் கேலன் வடிகட்டும்னு போட்டிருக்காங்க. கிட்டத்தட்ட 3,78,000 லிட்டர். தினமும் மூணு லிட்டர் வீதம் குடிச்சா 345 வருஷம் வரும். உங்க எள்ளுப் பேரனுக்கும் உயில் எழுதி வைக்கலாம்! ஆனா நிஜத்துல ஃபில்டர் லிட்டர் கணக்குல சாகுறதில்லை. ஈரத்தோட பீரோவுக்குள்ள கிடந்து, பூஞ்சை பிடிச்சு, கீழே விழுந்துதான் சாகுது. ஹோண்டுராஸ் நாட்டு வீடுகள்ல 23 மாசம் பயன்படுத்தின ஆறு ஹாலோ ஃபைபர் ஃபில்டர்களை வெட்டிப் பார்த்து 2015-ல் ஓர் ஆய்வு வந்தது. குழாய்களுக்குள்ள அழுக்குப் படலம் படிஞ்சிருந்தது. பாக்டீரியாவையும் சரியா நிறுத்தலை. வாங்குறது பெருசில்லை, வளர்க்கிறதுதான் பெருசு.

என்ன பண்ணணும்? ட்ரெக்ல தண்ணி வர்ற வேகம் குறைஞ்சா, கூட வர்ற சிரிஞ்சுல நல்ல தண்ணி எடுத்து, வெளியே வர்ற வாய் வழியா எதிர்த்திசையில வேகமா அடிக்கணும். ஓட்டையில சிக்கின அழுக்கு பின்வழியா வெளியேறும். இதுக்கு வடிகட்டின தண்ணியைத்தான் பயன்படுத்தணும். ஓடைத் தண்ணியை அந்தப் பக்கத்துலேர்ந்து அடிச்சா, சுத்தமா இருக்க வேண்டிய பக்கத்துக்கு நீங்களே கிருமியை விருந்துக்குக் கூப்பிட்டதா ஆயிடும். இன்னொரு விஷயம், பல பேர் கவனிக்காம விடுறது: அழுக்குத் தண்ணி மொள்ற பையும் நல்ல தண்ணி பாட்டிலும் பேக்ல ஒண்ணா உரசிக்கக் கூடாது. ஃபில்டர் எவ்வளவு நல்லா வேலை செஞ்சாலும், மொள்ற பையிலேர்ந்து ஒரு சொட்டு பாட்டில் வாயில விழுந்தா எல்லாம் வீண். அழுக்குப் பையில சிவப்பா ஒரு டேப் சுத்திடுங்க.

வீட்டுக்கு வந்ததும் தூங்கிடுவீங்க, தெரியும். எழுந்ததும் இதைச் செய்ங்க. நல்லா பின்னோட்டம் அடிச்சுட்டு, ஒரு லிட்டர் தண்ணியில வாசனை சேர்க்காத ப்ளீச் திரவம் ஒரு சின்ன மூடி அளவு கலந்து ஃபில்டர் வழியா விட்டுட்டு, உதறி, நிழல்ல காய வைங்க. சென்னைக் காத்துல, அதுவும் பெசன்ட் நகர், சாந்தோம் மாதிரி கடலோரத்துல இருக்கிற ஈரத்துக்கு ஒரு நாள் போதாது. ஒரு வாரமாவது ஃபேன் காத்துல மூடியில்லாம கிடக்கட்டும். நம்ம ஏரியா போர் தண்ணியில கழுவினா இன்னொரு தொல்லை. பக்கெட்ல வெள்ளை வெள்ளையாப் படியுதே உப்பு, அதே படலம் ஃபில்டர் ஓட்டையிலேயும் படிஞ்சு, அடுத்த ட்ரிப்ல சொட்டுச் சொட்டா அழும். கடைசியா ஒரு தடவை கேன் தண்ணியில அலசிடுங்க. ஏற்கெனவே இறுகிப்போச்சுன்னா, வெதுவெதுப்பான வினிகர்ல அரை மணி நேரம் ஊற வெச்சு, மறுபடி பின்னோட்டம் அடிங்க. கொதிக்கிற தண்ணி மட்டும் வேண்டாம். உள்ளே இருக்கிற நூல் குழாய்கள் கெட்டுப்போயிடும். வினிகரும் ப்ளீச்சும் ஒரே நேரத்துல கலக்கவே கூடாது, விஷ வாயு வரும். ஒண்ணை முழுசா அலசிட்டுத்தான் இன்னொண்ணு. பாட்டி வீட்டுக் கேண்டில் மாதிரி பீங்கான் வகைன்னா, அதைத் தேய்க்கலாம். விரிசல் கண்ணுக்குத் தெரிஞ்சா தூக்கிப் போட்டுடணும்.

டிசம்பர் லீவுல பனி பார்க்கணும்னு உத்தராகண்ட் கேதார்காந்தா வரை போறவங்களுக்குத் தனியா ஒரு வார்த்தை. ஒரு தடவை நனைஞ்ச ஹாலோ ஃபைபர் ஃபில்டர் உறைஞ்சா, உள்ளே இருக்கிற தண்ணி விரிஞ்சு குழாய்களைக் கிழிச்சுடும். வெளியே பார்க்க ஒண்ணுமே தெரியாது. தண்ணி முன்னைவிட நல்லா வேகமாகூட வரும்! ராத்திரி ஃபில்டரை ஜிப் கவர்ல போட்டு, ஸ்லீப்பிங் பேக்குக்குள்ள கூடவே படுக்க வெச்சுக்கங்க. ஊட்டிப் பக்கம் உறைபனி விழுற ஜனவரிக்கும் இதேதான். சந்தேகம் வந்தா ஒரு சின்ன சோதனை: ஃபில்டரை நல்லா நனைச்சு, ஒரு பக்கம் வாய் வெச்சு மெதுவா ஊதுங்க. நனைஞ்ச நுண்துளைகள் தண்ணியை இறுக்கிப் பிடிச்சுக்கும், காத்து போகாது. மறுபக்கம் புஸ்ஸுன்னு காத்து வந்தா, உள்ளே கிழிஞ்சிருக்கு. இது எல்லா மாடலுக்கும் ஒத்துவருமான்னு கூட வர்ற குறிப்புல ஒரு தடவை பார்த்துக்கங்க.

மலைக்கு மட்டும்தானா?

ஈ.சி.ஆர். ஓரமா பெசன்ட் நகர்லேர்ந்து மாமல்லபுரம் வரைக்கும் கடற்கரையிலேயே நடக்கிற கோஷ்டி உண்டு. அவங்களுக்கு இந்த ஃபில்டர் பைசா பிரயோஜனம் இல்லை. கரைஞ்ச உப்பு இந்த ஓட்டைக்கெல்லாம் தூசு. அதை எடுக்க நெம்மேலியில 2013-லேர்ந்து ஓடுற மாதிரி ஆர்.ஓ. ஆலை வேணும். பூச்சிமருந்துக்கும் அதே பதில்தான்: தேயிலைத் தோட்டத்துக்குக் கீழே வர்ற ஓடையைத் தாண்டிப் போய் மேலே தண்ணி எடுங்க. பூச்சிமருந்தை எடுக்கிற நானோ ஃபில்டர் நம்ம ஐ.ஐ.டி. மெட்ராஸ்ல பேராசிரியர் டி.பிரதீப் குழு கண்டுபிடிச்சதுதான். 2007-ல் வீட்டு ஃபில்டருக்குள்ள விற்பனைக்கும் வந்தது. அது முதுகுப் பைக்குள்ள அடங்குற சமாச்சாரம் இல்லை.

ஆனா இந்த உள்ளங்கை ஃபில்டருக்கு சென்னையிலேயே ஒரு நாள் வேலை வரலாம். 2015 டிசம்பர்ல அடையாறு கரை தாண்டி கோட்டூர்புரம், சைதாப்பேட்டையெல்லாம் மூழ்கினப்பவும், 2023 டிசம்பர்ல மிக்ஜாம் வந்தப்பவும் சுத்தி எங்கே பார்த்தாலும் தண்ணி, குடிக்க ஒரு டம்ளர் இல்லை. சம்ப்ல சாக்கடை கலந்த தண்ணிக்கு ஃபில்டர் மட்டும் போதாது. அது மனுஷக் கழிவு, வைரஸோட தாய்வீடு. தெருவுல நின்ன வண்டிகளோட பெட்ரோலும் ஆயிலும்கூட கலந்திருக்கும். அதைத் தொடவே வேண்டாம். மொட்டை மாடியில பாத்திரம் வெச்சு மழைத் தண்ணி பிடிங்க. துணியில வடிச்சு, ஃபில்டர்ல விட்டு, மாத்திரை போட்டு, அரை மணி நேரம் கழிச்சுக் குடிங்க. கேஸ் இருந்தா காய்ச்சுறதுதான் எல்லாத்தையும்விட பெஸ்ட். அதனால அக்டோபர்லயே ஃபில்டரை எடுத்து ஒரு தடவை ஓட்டிப் பார்த்துட்டு, மாத்திரை தேதியையும் பார்த்துடுங்க.

ஓட்டிப் பார்க்கிறதுன்னா எப்படி? குவாலியர்ல இருக்கிற ராணுவ ஆராய்ச்சிக் கூடத்து விஞ்ஞானிகள் 1982-ல் வெளியிட்ட ஒரு எளிய சோதனை இருக்கு. ஹெச்.டூ.எஸ். பாட்டில்னு சொல்வாங்க. உள்ளே மருந்து தடவின காகிதத் துண்டு இருக்கும். தண்ணியை ஊத்தி மூடி, 24 மணி நேரத்துலேர்ந்து 48 மணி நேரம் வரைக்கும் சும்மா வைக்கணும். மலக் கழிவுலேர்ந்து வர்ற பாக்டீரியா இருந்தா தண்ணி கறுத்துடும். குளிர் பிரதேசத்துக்காரங்க இதைச் சூடா வைக்க இன்குபேட்டர் தேடணும். நமக்கு அந்தச் செலவும் இல்லை, சென்னை வெயிலே போதும். கூடப் படிக்கிற மைக்ரோபயாலஜி தோஸ்த்கிட்ட சொல்லி வெச்சா லேப்ல கிடைக்கும். ஒரு பாட்டில்ல வடிகட்டாத தண்ணி, இன்னொண்ணுல உங்க ஃபில்டர் தண்ணி. ரெண்டு நாள் கழிச்சுப் பாருங்க. முதல் பாட்டில் கறுத்து, ரெண்டாவது அப்படியே இருந்தா, ஃபில்டர் பாஸ். ரெண்டும் கறுத்துப்போனா, புதுசு வாங்குற வரைக்கும் ட்ரிப்பைத் தள்ளிப் போடுங்க. பாஸானாலும் மாத்திரை அட்டையை பேக்லேர்ந்து எடுத்துடாதீங்க... இந்தப் பாட்டிலுக்கு வைரஸைத் தெரியாது!